மேசைமேல் ஐந்து காகிதங்கள்: அலுவலக மந்தணம் பற்றி ஓர் அறிமுகம்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகனங்களுக்கான பற்சக்கரங்களைச் செய்துதரும் ஒரு நடுத்தரத் தொழிற்கூடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 120 பேர் வேலை செய்கிறார்கள். திங்கட்கிழமை காலை, உரிமையாளரின் மேசைமேல் ஐந்து காகிதங்கள் கிடக்கின்றன. முதலாவது, ஒரு வாகன நிறுவனம் இன்னும் சந்தைக்கு வராத தன் புதிய வண்டிக்காக அனுப்பியிருக்கும் டிராயிங். இரண்டாவது, வரும் வியாழனன்று வேறொரு வாடிக்கையாளரிடம் கொடுக்கவேண்டிய கொட்டேஷனுக்கான விலைக் கணக்கு. மூன்றாவது, பற்சக்கரத்தை உலையில் எத்தனை டிகிரியில் எவ்வளவு நேரம் வைத்து, பிறகு எந்த எண்ணெயில் இறக்கவேண்டும் என்று பல ஆண்டுகள் கெடுத்துக் கெடுத்துக் கற்றதை ஃபோர்மேன் எழுதிவைத்திருக்கும் தாள். நான்காவது, வங்கிக் கணக்கு எண், பான் எண், பிடித்தங்கள் எல்லாம் அடங்கிய சம்பளப் பட்டியல். ஐந்தாவது, பேக்கிங் பிரிவில் வேலை செய்யும் ஒரு பெண் தன் மேற்பார்வையாளரின் நடத்தை குறித்து எழுதிய பாலியல் துன்புறுத்தல் புகார்.

இவற்றில் எது ரகசியம் என்று உரிமையாளரைக் கேட்டால், "எல்லாமேதான் சார், அஞ்சையும் பீரோவுல வெச்சுப் பூட்டிடுங்க" என்பார். அக்கறையோடு சொல்லப்படும் பதில்தான். ஆனால் ஐந்தையும் பூட்டிவிட்டால் டிராயிங் இல்லாமல் டூல் ரூமில் வேலை ஓடாது. இரண்டு முறை சாவி கேட்டு அலைந்த பிறகு, மூன்றாவது முறை யாரோ ஒருவர் அதைத் தன் கைப்பேசியில் படமெடுத்து, பிரிவினரின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார். பீரோ பத்திரமாகப் பூட்டியிருக்கும். டிராயிங் நாற்பது கைப்பேசிகளில் இருக்கும். நிறுவனங்களில் மந்தணத் தகவல் கசிவதற்கு மிகப் பழக்கமான வழிகளில் இது ஒன்று. எல்லாவற்றையும் ஒரே மாதிரி மறைக்க முயல்வதால், மறைக்கவேண்டியதுகூட மறையாமல் போகிறது.

மந்தணம் என்பது தமிழக அரசு அலுவலகங்களில் இன்றும் கோப்புகளின்மேல் எழுதப்படும் சொல். குறிப்பிட்ட சிலர் மட்டும் அறிந்திருக்கவேண்டிய தகவல் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். இந்தப் பொருளில் "குறிப்பிட்ட சிலர்" என்ற சொற்களே முக்கியமானவை. யாருமே அறியக்கூடாத தகவலால் ஒரு நிறுவனத்துக்குப் பயன் எதுவும் இல்லை. அதை எழுதிவைக்கவே தேவையில்லை. எனவே மந்தணத்தைக் கையாளுதல் என்பது, ஒவ்வொரு தகவலையும் எடுத்து, இது யாருடையது, யாருக்கு எதற்காகத் தேவை, எதுவரை மறைந்திருக்கவேண்டும் என்று கேட்டு, கிடைக்கும் விடைக்கேற்ப அதை வைப்பதுதான். பூட்டும் கடவுச்சொல்லும் அதற்குப் பிறகு வருபவை.

யாருடைய ரகசியம்?

டிராயிங்கை எடுத்துக்கொள்வோம். அது தொழிற்கூடத்தின் சொத்து இல்லை. வாகன நிறுவனம் அதை அனுப்பும் முன்பே ஓர் இரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியிருக்கும். தொழிற்பேட்டைகளில் இதை என்.டி.ஏ. என்றே சொல்வார்கள். அடகுக் கடைக்காரரின் வீட்டு நகை தொலைந்தால் அவருக்கு அது நட்டம். அடகுக்கு வந்த நகை தொலைந்தால் அவர் கடையையே மூடவேண்டியிருக்கும். ஒப்படைக்கப்பட்ட தகவலும் அப்படிப்பட்டது. அந்தப் பற்சக்கரத்தில் ஒரு சிறு வேலையைத் திருமுடிவாக்கத்தில் உள்ள இன்னொரு பட்டறைக்கு ஜாப் ஒர்க்காகக் கொடுக்கவேண்டியிருந்தால், டிராயிங்கை முழுதாக அனுப்பிவைக்கும் உரிமை நமக்கு இருக்கிறதா என்று முதலில் ஒப்பந்தத்தைப் பார்க்கவேண்டும். பெரும்பாலான ஒப்பந்தங்கள் எழுத்துமூல ஒப்புதல் கேட்கும். அதே நிபந்தனைகளை அந்தப் பட்டறையும் ஏற்கவேண்டும் என்றும் சொல்லும். பல நேரங்களில் அந்தப் பட்டறைக்குத் தேவைப்படுவது இரண்டு அளவுகள் மட்டுமே. அவற்றைத் தனித்தாளில் எழுதிக் கொடுத்தால் வேலை முடிந்துவிடும்.

உலைத் தாள் தொழிற்கூடத்தின் சொந்த ரகசியம். சட்டம் இதை வணிக இரகசியம் என்ற வகையில் பார்க்கிறது. அறிவுசார் சொத்துரிமை பற்றிய உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தத்தின் 39-ஆவது பிரிவு இதற்கு மூன்று அடையாளங்களைச் சொல்கிறது: அந்தத் துறையினர் பொதுவாக அறியாததாக இருக்கவேண்டும், மறைந்திருப்பதாலேயே அதற்கு வணிக மதிப்பு இருக்கவேண்டும், அதை வைத்திருப்பவர் மறைத்துவைக்க நியாயமான முயற்சி எடுத்திருக்கவேண்டும். மூன்றாவது அடையாளத்தில்தான் நம் ஊர்ப் பட்டறைகள் பல தோற்றுப்போகும் என்று நினைக்கிறேன். உலைக்குப் பக்கத்துச் சுவரில், வருகிற போகிற டிரைவர்கள் எல்லோரும் படிக்கும்படி அந்தத் தாளை ஒட்டிவைத்துவிட்டு, பிறகு நீதிமன்றத்தில் போய் "அது எங்கள் ரகசியம்" என்று சொல்வது எளிதன்று.

இந்தியாவில் வணிக இரகசியத்துக்கென்று இதுவரை தனிச் சட்டம் இல்லை. ஒப்பந்தச் சட்டத்தையும், நம்பிக்கை மீறல் குறித்து நீதிமன்றங்கள் வளர்த்துவந்த கோட்பாடுகளையும் கொண்டே வழக்குகள் நடக்கின்றன. தனிச் சட்டம் தேவை என்று சட்ட ஆணையம் 2024 மார்ச் மாதத்தில் தன் 289-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. காப்புரிமை வாங்கிவிடலாமே என்று சிலர் கேட்பதுண்டு. காப்புரிமைக்கு ஆயுள் 20 ஆண்டுகள். அதற்கு விலையாக, கண்டுபிடிப்பை முழுவதுமாக உலகறிய எழுதிக்கொடுக்கவேண்டும். வணிக இரகசியத்துக்குக் காலவரையறை இல்லை, ஆனால் வேலியும் இல்லை. கோயம்புத்தூரில் ஒருவர் தானாகவே சோதித்து அதே வெப்பநிலையைக் கண்டுபிடித்துவிட்டால், அவர்மீது வழக்குத் தொடுக்க வழியில்லை.

சம்பளப் பட்டியல் நிறுவனம் தயாரித்ததுதான். ஆனால் அதிலுள்ள விவரங்கள் 120 பேருக்குச் சொந்தமானவை. அது வெளியானால் பணத்தையும் மானத்தையும் இழப்பவர்கள் அவர்கள். இங்கே நிறுவனம் தன்னை உரிமையாளராக நினைத்துக்கொள்வதால்தான் பல தவறுகள் நேர்கின்றன. கடன் அட்டை விற்கவரும் இளைஞரிடம் ஊழியர்களின் பெயர், கைப்பேசி எண், சம்பளம் அடங்கிய பட்டியலை "நம்ம பசங்களுக்கு நல்லதுதானே" என்று எடுத்துக்கொடுக்கும் மேலாளர், தனக்கு உரிமையில்லாத பொருளைத் தானம் செய்கிறார்.

ஐந்தாவது காகிதம் மற்ற நான்கிலிருந்தும் வேறுபட்டது. பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, புகாரின் உள்ளடக்கம், புகார் கொடுத்தவர், புகாருக்கு உள்ளானவர், சாட்சிகள் ஆகியோரின் அடையாளம், விசாரணை நடவடிக்கைகள் ஆகியவற்றைப் பொதுமக்களுக்கோ ஊடகங்களுக்கோ தெரிவிக்கக் கூடாது என்கிறது. தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் என்ன சொல்லியிருந்தாலும் இந்தத் தடை பொருந்தும் என்றும் அந்தப் பிரிவே சொல்லிவிடுகிறது. இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: இந்தக் கடிதம் உரிமையாளரின் மேசைக்கு ஏன் வந்தது? சட்டப்படி அது போகவேண்டிய இடம் உள்ளகப் புகார்க் குழு. விசாரணை முடிந்து 10 நாள்களுக்குள் குழு தன் அறிக்கையை நிறுவனத்துக்குக் கொடுக்கும். நடவடிக்கை எடுக்க உரிமையாளருக்குத் தேவைப்படுவது அந்த அறிக்கைதான். கடிதம் அவர் மேசையில் திறந்து கிடக்கும்போது, காபி கொண்டுவருபவர், கையெழுத்துக்குக் கோப்பு கொண்டுவருபவர், அந்த மேற்பார்வையாளரின் நண்பர் என்று வரிசையாகக் கண்கள் அதன்மேல் படுகின்றன.

பதவியும் தேவையும்

அந்தக் கடிதம் ஓர் அடிப்படை விதியைக் காட்டிக்கொடுக்கிறது. தகவலைப் பார்க்கும் உரிமை பதவியின் உயரத்தால் வருவதில்லை. செய்கிற வேலையின் தேவையால் வருகிறது. நம் அலுவலகப் பண்பாட்டில் இதைச் சொல்வது சற்றுக் கடினம். பொது மேலாளருக்குத் தெரியாத ஒன்று கணக்குப் பிரிவு எழுத்தருக்குத் தெரியலாம் என்பதை மரியாதைக் குறைவாகவே நாம் எடுத்துக்கொள்கிறோம். ஆனால் பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி, இந்தத் தேவை விதியை ஒரு சட்டக் கடமையாகவே ஆக்கியிருக்கிறது. உட்தகவல் வணிகத்தைத் தடுக்கும் 2015-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி, பங்கு விலையைப் பாதிக்கக்கூடிய வெளியிடப்படாத தகவலை முறையான அலுவல் காரணம் இல்லாமல் யாருக்கும், நிறுவனத்துக்குள்ளேயேகூட, தெரிவிக்கக் கூடாது. யாரிடம் எப்போது பகிரப்பட்டது என்பதை, பின்னால் திருத்த முடியாத ஒரு மின்னணுப் பதிவேட்டில் அவர்களின் பான் எண்ணோடு குறித்துக் குறைந்தது 8 ஆண்டுகள் வைத்திருக்கவேண்டும். காலாண்டு முடிந்த நாளிலிருந்து, முடிவுகள் வெளியாகி 48 மணி நேரம் ஆகும்வரை, உள்விவரம் அறிந்தவர்கள் அந்தப் பங்கை வாங்கவோ விற்கவோ முடியாதபடி கதவு மூடப்படுகிறது.

அம்பத்தூர்த் தொழிற்கூடம் பங்குச்சந்தையில் இல்லை. அவ்வளவு கெடுபிடி அதற்குத் தேவையுமில்லை. ஆனாலும் அதே சிந்தனையைச் சிறிய அளவில் வைத்துக்கொள்ளலாம். விலைக் கணக்கைப் பார்க்கவேண்டியவர்கள் மூன்று பேர் என்றால், அந்த மூன்று பெயர்களையும் எழுதிவைக்கவேண்டும். ஒருவர் கொள்முதலிலிருந்து தரக் கட்டுப்பாட்டுக்கு மாறினால், பழைய கோப்புறைகளைத் திறக்கும் வசதியை அன்றே நீக்கவேண்டும். புதிய வசதியைக் கொடுக்க எல்லோரும் நினைவு வைத்திருக்கிறோம்; பழையதை எடுக்க யாரும் நினைவு வைத்திருப்பதில்லை. பத்து ஆண்டுகள் பல பிரிவுகளில் வேலை செய்த ஒருவரின் கணினியிலிருந்து நிறுவனத்தின் எல்லா அறைகளுக்கும் வழி திறந்தே கிடப்பது இப்படித்தான். அவர் நல்லவராகவே இருக்கலாம். அவருடைய கடவுச்சொல்லைத் திருடுபவர் நல்லவராக இருக்கவேண்டிய அவசியமில்லை.

தகவலை நிலைகளாகப் பிரிப்பது இதற்குத் துணையாகும். மத்திய அரசு தன் கோப்புகளுக்கு மிக இரகசியம், இரகசியம், மந்தணம், வரையறைக்குட்பட்டது என்று நான்கு நிலைகளை வைத்திருக்கிறது. நடுத்தர நிறுவனத்துக்கு மூன்று போதும்: யாரும் பார்க்கக்கூடியது, உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும், பெயர் குறிக்கப்பட்டவர்களுக்கு மட்டும். நான்காவதாக ஒன்றைச் சேர்த்தால், எதில் எது என்று விவாதிப்பதிலேயே நாள் போய்விடும். முத்திரையை எல்லாவற்றின்மேலும் குத்துவதும் கூடாது. கேன்டீன் பட்டியலின்மேலும் மந்தணம் என்று எழுதியிருந்தால், டிராயிங்கின்மேல் இருக்கும் மந்தணத்தை யாரும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள்.

எங்கே ஒழுகுகிறது

ரகசியம் கசிவது என்றதும் ஒற்றர்களையும் கணினிக் கள்வர்களையும் நினைத்துக்கொள்கிறோம். அவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அன்றாட ஒழுகல் பெரும்பாலும் நல்லெண்ணத்தாலும் அவசரத்தாலும் நேர்வது. சென்னையில் இதற்கென்று சில தனி வழிகள்கூட உண்டு.

அவற்றில் ஒன்று நம் பெயர் முறை. குடும்பப் பெயர் இல்லாமல் தலைப்பெழுத்தோடு பெயர் வைப்பதால், ஒரே அலுவலகத்தில் எஸ். கார்த்திக், கே. கார்த்திக், கார்த்திக் எஸ். என்று மூவர் இருப்பது வழக்கம். மின்னஞ்சலில் முதல் மூன்று எழுத்துகளைத் தட்டியதும் மென்பொருள் ஏதோ ஒரு கார்த்திக்கை நிரப்பிவிடும். நான் முன்பு வேலை செய்த ஓர் அலுவலகத்தில், ஒரு பிரிவினரின் ஊதிய உயர்வுப் பட்டியல் இப்படித்தான் எங்களுக்குக் காகிதம் விநியோகிக்கும் கடையின் கார்த்திக்குக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் பெருந்தன்மையாக, "சார், இது எனக்கு வந்ததா?" என்று கேட்டு அழித்துவிட்டார். அதன் பிறகு இரண்டு மாற்றங்கள் செய்தோம். அனுப்பு என்று அழுத்திய பிறகும் மின்னஞ்சல் ஒரு நிமிடம் காத்திருந்து போகும்படி அமைத்துக்கொண்டோம். சம்பளம் தொடர்பான கோப்புகளை இணைப்பாக அனுப்புவதை நிறுத்தி, உரியவர் மட்டும் திறக்கும் பகிர்வுச் சுட்டியாக அனுப்பத் தொடங்கினோம். சுட்டி தவறான ஆளுக்குப் போனாலும் திரும்பப் பெற்றுவிடலாம். போன கோப்பைத் திரும்பப் பெற முடியாது. "சுட்டி வைத்திருக்கும் யாரும் பார்க்கலாம்" என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் இந்தப் பயன் எல்லாம் போய்விடும் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

எக்செல் கோப்பின் மறைக்கப்பட்ட பத்திகளும் தாள்களும் இன்னொரு வழி. திரையில் தெரியாவிட்டாலும் அவை கோப்புக்குள்ளேயே இருக்கும். இரண்டு சொடுக்குகளில் வெளியே வந்துவிடும். 2023 ஆகஸ்டில் வட அயர்லாந்துக் காவல்துறை, அந்நாட்டின் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் வந்த ஒரு கேள்விக்குப் பதிலாகக் கொடுத்த கோப்பில், மறைந்திருந்த ஒரு தாளை நீக்க மறந்துவிட்டது. பணியில் இருந்த 9,483 பேரின் பெயர், பதவி, பணிபுரியும் இடம் முதலியவை இணையத்தில் வெளியாகின. காவலர்கள் தங்கள் வேலையை அண்டை வீட்டாரிடம்கூடச் சொல்லத் தயங்கும் ஊர் அது. அந்தத் துறைக்கு 7,50,000 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. பி.டி.எஃப். கோப்பில் எழுத்தின்மேல் கறுப்புப் பட்டை வரைவதும் இதே வகைத் தவறு. பட்டைக்கு அடியில் இருக்கும் எழுத்தை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் படித்துவிடலாம்.

உறவு முறையும் ஒரு வழிதான். அம்பத்தூரிலும் கிண்டியிலும் ஒருவர் வேலை செய்யும் பட்டறைக்கு இரண்டு தெரு தள்ளி அவருடைய மைத்துனரும் வேலை செய்வார். ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பில் பந்திக்குக் காத்திருக்கும்போது, "மாமா, உங்க ஃபர்னஸ்ல எத்தனை டிகிரி வெக்கிறீங்க?" என்று கேட்பார். அதில் சூது எதுவும் இருக்காது. அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று ஃபோர்மேனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கமாட்டார்கள் என்பதுதான் சிக்கல். "அதை மட்டும் கேக்காதீங்க மாப்பிள்ளை" என்று சிரித்துக்கொண்டே சொல்லும் துணிவை, ஆண்டுக்கு ஒருமுறை அரை மணி நேரப் பேச்சில் கொடுத்துவிடலாம். கையெழுத்து வாங்கிய பன்னிரண்டு பக்க ஒப்பந்தத்தால் அதைக் கொடுக்க முடியாது.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் புதிய வழி. கொட்டேஷனுக்கு அழகான ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வேண்டும் என்று விலைக் கணக்கை முழுவதுமாக அதில் ஒட்டுபவர், அதை வெளியாள் ஒருவரிடம் கொடுத்ததாகவே ஆகும். சாம்சங் நிறுவனத்தில் பொறியாளர்கள் உள் நிரலை சாட்ஜிபிடியில் உள்ளிட்டது தெரியவந்ததும், 2023 மே மாதத்தில் அந்நிறுவனம் இத்தகைய செயலிகளைத் தன் கணினிகளில் பயன்படுத்தத் தடை விதித்தது. முழுத் தடை எல்லா இடத்திலும் வேலை செய்யும் என்று எனக்குத் தோன்றவில்லை. தடை விதித்தால் அவரவர் கைப்பேசியில் செய்வார்கள். எந்தச் செயலியைப் பயன்படுத்தலாம், எந்த நிலைத் தகவலை அதில் போடக்கூடாது என்று சொல்லிவிடுவது நடைமுறைக்கு உகந்தது.

கடைசியாகக் குப்பை. சில ஆண்டுகளுக்கு முன் பெசன்ட் நகர்க் கடற்கரையில் வேர்க்கடலை வாங்கிக் கொறித்துவிட்டுப் பொட்டலத்தைப் பிரித்தபோது, அது யாரோ ஒருவர் கொடுத்த கடன் விண்ணப்பத்தின் நகலாக இருந்தது. பெயர், முகவரி, ஆண்டு வருமானம், கையெழுத்து எல்லாம் எண்ணெய்க் கறைக்கு நடுவே தெளிவாகத் தெரிந்தன. எங்கோ ஓர் அலுவலகம் கிலோ கணக்கில் பழைய பேப்பர் கடைக்குப் போட்டது, கைமாறி கடற்கரைக்கு வந்திருக்கிறது. காகிதத்தைத் துண்டாக்கும் இயந்திரத்தின் விலை இன்று ஒரு நல்ல மின்விசிறியின் விலைதான். பழைய கணினிகளிலும் இதே கவனம் வேண்டும். கோப்பை அழிப்பது அதன் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்குவது மட்டுமே. உள்ளடக்கம் வேறு தகவல் அதன்மேல் எழுதப்படும்வரை வட்டில் கிடக்கும். ரிச்சி தெருவுக்குக் கணினியை விற்க எடுத்துப்போகும் முன் வட்டைக் கழற்றி வைத்துக்கொள்வது எளிய வழி. அதைவிட நல்லது, வாங்கிய நாளிலேயே வட்டு முழுவதையும் குறியாக்கம் செய்துவிடுவது, அதாவது கடவுச்சொல் இல்லாதவர் படிக்க முடியாதபடி மாற்றிவிடுவது.

சட்டமும் கடிகாரமும்

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது; அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்கள்மீதான முக்கியக் கடமைகள் அந்த அறிவிப்பிலிருந்து 18 மாதங்கள் கழித்து நடைமுறைக்கு வரும்படி வகுக்கப்பட்டுள்ளன. தனிநபர் தரவுக்கு நியாயமான பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். தரவு கசிந்தால், பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தாமதமின்றித் தெரிவிக்கவேண்டும். வாரியத்துக்கு விரிவான அறிக்கையை 72 மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும். சம்பளப் பட்டியல் கணினியில் இருக்கும் எந்த நிறுவனமும் இந்தச் சட்டத்துக்கு வெளியே இல்லை.

இவற்றுக்கு முன்பே இருப்பவையும் உண்டு. ஒப்பந்தப்படி கிடைத்த தனிநபர் விவரத்தை, தீங்கு விளைவிக்கும் நோக்கத்தோடோ தீங்கு விளையும் என்று தெரிந்தோ, ஒப்புதலின்றி வெளியிட்டால் மூன்று ஆண்டுகள் வரை சிறை என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 72ஏ பிரிவு. இந்தியக் கணினி அவசர உதவிக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணை, தரவுக் கசிவு உள்ளிட்ட இணையப் பாதுகாப்பு நிகழ்வுகளை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும் என்கிறது. கணினிப் பதிவுகளை 180 நாள்கள் வைத்திருக்கவும் சொல்கிறது.

இந்த 6 மணி நேரம் என்ற வரம்பு ஒரு நடைமுறைச் சிக்கலைக் கொண்டுவருகிறது. காலை 10 மணிக்குத் தவறான கார்த்திக்குக்குக் கோப்பு அனுப்பிய ஊழியர், திட்டு விழும் என்று பயந்து மாலைவரை வாயைத் திறக்காமல் இருந்தால், நிறுவனம் எதையும் செய்ய நேரமிருக்காது. ஆகவே கசிவைத் தானே வந்து சொல்பவரை அந்தத் தவறுக்காகத் தண்டிப்பதில்லை என்பதை எழுத்தில் வைத்து, நடத்தையிலும் காட்டவேண்டும். யாரிடம் சொல்வது என்று ஒரே ஒரு பெயரும் எண்ணும் எல்லோருக்கும் தெரிந்திருக்கவேண்டும். விபத்து நடந்த இடத்தில் ஆம்புலன்ஸ் எண்ணைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாதல்லவா?

மந்தணம் என்ற சொல்லைத் திரையாகப் பயன்படுத்துவதும் நடக்கிறது. உலையில் பயன்பட்ட கழிவு எண்ணெய் 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயகரக் கழிவு. அதை முறைப்படி அப்புறப்படுத்தாமல் மழைநீர் வடிகாலில் கொட்டும் ஒரு தொழிற்கூடம், அதை வெளியே சொல்லும் ஊழியரிடம் இரகசியக் காப்பு ஒப்பந்தத்தை நீட்ட முடியாது. சட்டவிரோதமான நோக்கம் கொண்ட உடன்பாடு செல்லாது என்று 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆவது பிரிவே சொல்லிவிட்டது. அரசு அலுவலகங்களுக்குத் தகவல் பெறும் உரிமைச் சட்டம் இதைவிட நேரடியாகப் பேசுகிறது. அதன் 8-ஆவது பிரிவு வணிக நம்பிக்கைத் தகவலுக்கு விலக்கு அளிக்கிறது. வெளியிடுவதால் வரும் தீங்கைவிடப் பொதுநலன் பெரிது என்றால் வெளியிடலாம் என்றும் சேர்த்தே சொல்கிறது.

எதுவரை

ஐந்து காகிதங்களுக்கும் ஆயுள் வேறு வேறு. கொட்டேஷனின் மொத்தத் தொகை வியாழன் மாலை உறை திறக்கப்பட்டதும் ரகசியமாக இருப்பதை நிறுத்திவிடுகிறது. அதற்குப் பின்னாலுள்ள மூலப்பொருள் கணக்கு அடுத்த கொட்டேஷன்வரை உயிரோடு இருக்கும். டிராயிங்கின் புதிய பதிப்பு வந்ததும் பழையதைத் திருப்பித் தரவேண்டும், அல்லது அழித்து அதற்குச் சான்று தரவேண்டும். வண்டி சந்தைக்கு வந்துவிட்டால் பற்சக்கரத்தைக் கழற்றி யாரும் அளக்கலாம்; ஆனால் டிராயிங்கில் இருக்கும் பொறுத்தல் அளவுகள் (அளவில் எவ்வளவு வேறுபாடு வரை ஏற்கலாம் என்ற வரம்புகள்) அப்போதும் தெரியாது என்பதால் ஒப்பந்தம் பெரும்பாலும் இன்னும் சில ஆண்டுகள் நீளும். சம்பளப் பட்டியலைச் சட்டம் கேட்கும் ஆண்டுகள் வரை வைத்திருந்து, அதற்குமேல் வைத்திராமல் இருப்பது நல்லது. வைத்திராத தகவல் கசியாது. புகாரின் மந்தணத்துக்கு மட்டும் முடிவு தேதி இல்லை; அந்தப் பெண் வேலையை விட்டுப் போன பிறகும் அது அவருடையதே.

உலைத் தாளுக்கு வருவோம். ஃபோர்மேன் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். அவரிடமிருந்து குறிப்பேட்டைத் திருப்பிக் கேட்கலாம். கைப்பேசியில் உள்ள படங்களை அழிக்கச் சொல்லலாம். வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து அன்றே விலக்கலாம். தாளில் உள்ளதைப் பிறருக்குச் சொல்வதில்லை என்ற பழைய உறுதியை நினைவூட்டும் கடிதத்தில் கையெழுத்து வாங்கலாம். "வேறு எந்தப் பட்டறையிலும் வேலைக்குப் போகக் கூடாது" என்று எழுதி வாங்கினால் அது பெரும்பாலும் செல்லாது. ஒருவரின் தொழிலைத் தடுக்கும் உடன்பாடு செல்லாது என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு. உலைக்குள் இரும்பு எந்தச் சிவப்புக்கு வந்திருக்கிறது என்று கதவிடுக்கில் பார்த்தே சொல்லும் கண் அவருடையது. அதை அவர் எங்கு வேண்டுமானாலும் எடுத்துப்போகலாம். தாளில் உள்ள எண்கள் தொழிற்கூடத்தினுடையவை. இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே விழுகிறது என்பதை வழக்குதோறும் நீதிமன்றம் தனித்தனியாகத்தான் பார்க்கிறது.

அவர் போகும் முன் பார்க்கவேண்டிய இன்னொன்றும் உண்டு. இத்தனை ஆண்டுகளில் அந்தத் தாளை அவர் ஒருவர் மட்டுமே பார்த்திருந்தால், அதைப் பூட்டி வைத்துக்கொண்டும் பயனில்லை. அதில் அவர் சுருக்கெழுத்தாகக் குறித்திருப்பதைப் படித்து உலையை ஓட்டத் தெரிந்த இன்னொருவரின் பெயரை, பார்க்க உரிமை உள்ளவர்களின் பட்டியலில் இப்போதே சேர்த்துவிடவேண்டும்.